ஒரு புள்ளி

மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு.
லியபாயா நகரத்துக் கடிகாரங்கள்
ஒரு மணி நேரத்தை விழுங்கிவிட்டு
ஒன்றுமறியாதவை போல் நடந்தன.
கால்வாய்ப் பாலம் மட்டும் விழுங்கவில்லை.
ஐந்தரைக்குத் திறக்க வேண்டியது
ஆறரைக்குத் திறந்தது.
அதன் முன்னே ஒரு மீன்படகு
ஊதிக்கொண்டே நின்றது.
பெட்டியில் பனிக்கட்டி கரையவில்லை, அத்தனை குளிர்.
கரைந்தது படகோட்டியின் வாய்க்கட்டுப்பாடு.

பாலத்துக்கு நேரம் சொல்லும் நிரலை
எழுதுகிறவர்கள் மூன்று பேர்.
அன்று முறைப்பணி விஸ்மாவுடையது.

அக்டோபரில் சரியாக இருந்தது.
இன்று சரியில்லை.
நடுவே ஐந்நூற்றுப் பன்னிரண்டு கமிட்டுகள்.
ஒவ்வொன்றாய்ப் பார்த்தால் வெள்ளிக்கிழமை ஆகிவிடும்.
பாதியில் வெட்டினாள்.

போலிக் கடிகாரத்தை
இந்த ஞாயிற்றுக்குத் திருகி ஓட்டினாள்.
ஆறரை. கெட்டது.
முன்பாதிக்குப் போ.
மறுபடி பாதி. ஐந்தரை. நல்லது.
பின்னே வா.
காப்பி ஆறியது. காற்று
சன்னலைத் தட்டியது, அந்த ஊர்க் காற்றுக்கு
வேறு வேலை கிடையாது.
நல்லது. கெட்டது. கெட்டது.
அறுபத்து நான்கு, முப்பத்திரண்டு
என்று குறுகிக்கொண்டே வந்தது சந்தேகம்.
அது ஓயார்ஸின் வேலையாய் இருக்கும் என்று
ஆறாவது வெட்டிலேயே முடிவு செய்திருந்தாள்.

காரணம் இருந்தது.
ஓயார்ஸ் வேலைக்கு வந்த புதிதில்
அவர் கணினியில்
பாலம்_புதியது
பாலம்_கடைசி
பாலம்_கடைசி_இதுதான்
பாலம்_இதுதான்_சத்தியமாய்
என்று வரிசையாய்க் கோப்புறைகள்.
கிட் கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் ஆனது அவருக்கு.
முதல் மோதலில்,
ஒரே வரியை இருவரும் மாற்றியிருக்க,
திரையில் ஏழு அம்புகள், ஏழு சமக்குறிகள்,
மறுபுறம் ஏழு அம்புகள்:
'என்னவளா உன்னவளா' என்று
வரி நடுவில் நின்று அழுதது.
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர்
ஒரு நாற்காலியில் ஒண்டி உட்கார்ந்து தீர்த்தார்கள்.
அதற்குப் பிறகு மனிதர்
கமிட்டுக்குக் கமிட் கடிதம் எழுதத் தொடங்கினார்.
ஏன் மாற்றினேன், எதற்குப் பயந்தேன்,
எதை முயன்று விட்டேன்.
அலுவலகம் சிரித்தது.
விஸ்மா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

ஒன்பதாவது வெட்டு.

நவம்பர் மூன்று, இரவு பதினொன்று நாற்பது.
ஒரு வரி நீக்கப்பட்டிருக்கிறது.
நீக்கியவர்: விஸ்மா.
காரணம் எழுதும் இடத்தில்
ஒரு புள்ளி.

எங்கள் எழுத்தில்
மேலே புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் நிற்கும்.
அவள் வைத்ததும் அப்படித்தான்.
செய்த காரியம் நிற்கிறது.
ஏன் என்பது போய்விட்டது.
என்ன நினைத்தாள் அந்த இரவில்?
அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

நீக்கிய வரியின் பின்னால் நூல் பிடித்துப் போனாள்.
இரண்டு வருடம் முன்பு பிறந்திருக்கிறது.
ஓயார்ஸின் கடிதம் கூடவே:
"குளிர்காலத்தில் இந்த வரி
வெறும் பூஜ்யத்தைத்தான் கூட்டும்.
வெட்டியாகத் தெரியும்.
கோடை நேரம் மாறும் ஞாயிற்றுக்கிழமை
இதுதான் பாலத்தை எழுப்பும்.
தயவுசெய்து இருக்கட்டும்."

எல்லோருக்கும் திறந்த பெட்டியில்
இரண்டு வருடமாய்க் கிடந்த கடிதம்.

வரலாற்றையே திருத்தி எழுதவும் ஒரு கட்டளை உண்டு.
நவம்பர் மூன்றே நடக்காதது போலாகிவிடும்.
அதன் பாதி எழுத்துகளைத்
தட்டியும்விட்டாள்.
பின்னோக்கி அழித்தாள்.

பழையதைத் தொடாமல்
அதன் மேலே புதிதாய் ஒன்று:
வரி திரும்பி வந்தது.
காரணம் எழுதும் இடத்தில்
பதினோரு வரிகள்.
படகு நின்றது, எவ்வளவு நேரம்,
நீக்கியது நான்,
படிக்காமல் நீக்கினேன்.

ஓயார்ஸ் வீட்டிலிருந்தே பார்த்தார்.
ஒரு மணி நேரம் பதில் இல்லை.
அவள் நகம் கடித்தாள்.
பிறகு ஒரே ஒரு குறிப்பு வந்தது:
"நான்காம் வரியில்
ஞாயிறு எழுத்துப்பிழை."

திருத்தினாள்.